புள்ளி வைக்கும் இடம்

அன்புள்ள லினெட் என்டர்பி,
உங்கள் கோப்பில் ஒரு தாள் குறைகிறது என்று
இனிமையாகத்தான் தொடங்கியது கடிதம்.
பதினாறு வயதில் நீங்கள் எழுதிய கணிதத் தேர்வின்
சான்றிதழ். அசல். முப்பது நாளுக்குள்.

முப்பத்தோரு வருடமாக
கிரிம்ஸ்பி மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
கண்ணாடிப் பெட்டிக்குள் கைகளை மட்டும் விட்டு
நஞ்சை மருந்தாக்குகிறேன்.
நான்கு கிலோ குழந்தைக்கு
எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்தில்.
புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால்
என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.
அதனால்தான் அது விழுந்ததில்லை.

இப்போது ஒப்பந்தம் கைமாறிவிட்டது.
மூன்றாம் மாடி ஜோயல் நல்ல பையன்,
என் முகம் பார்க்க முடியாமல் திரையைப் பார்க்கிறான்.
"இந்தக் கட்டம் காலியாக இருந்தால்
அடுத்த பக்கம் திறக்காது."
"நீ பிறந்த வருடம்
இன்குபேட்டரில் கிடந்தவர்களுக்கெல்லாம்
நான்தான் கலக்கினேன்" என்றேன்.
அவன் சிரித்தான்.
கட்டம் சிரிக்கவில்லை.

தேடிப் போனேன்.
பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் சோபா விற்கிறார்கள்.
தேர்வு வாரியம் இன்னொன்றோடு சேர்ந்து
அது மற்றொன்றோடு சேர்ந்து
வேறு ஊரில் வேறு பெயரில் குடியிருக்கிறது.
நானும் அப்படித்தான்:
அன்று ஸ்டாமர்ஸ், பிறகு பிளாஞ்சர்ட், பிறகு என்டர்பி.
அந்த லினெட்தான் இந்த லினெட் என்று காட்ட
இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு விவாகரத்துக்கும் சான்று,
கூடவே ஐம்பத்தாறு பவுண்டு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது என்பார்கள்.
கறி வெந்து
ஊரே சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு
ஏட்டைக் கொண்டா என்கிறார்கள்.

ஆறு வாரம் கழித்து உறை வந்தது.
தையல், முதல் தரம்.
சமையல், இரண்டாம் தரம்.
புவியியல், நான்காம் தரம்.
கணிதம்:
வரவில்லை.

நாற்பத்திரண்டு வருடமாக
தேறியவள் என்றே நம்பியிருக்கிறேன்.
பொய் என்று தெரியாமல் எத்தனை விண்ணப்பத்தில்
எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
கெட்டில் கொதித்து அணைந்தது,
நான் நின்றபடியே அந்த ஜூன் காலையைத் தேடினேன்.
அம்மாவுக்குக் காய்ச்சல். மீன் ஆலையில்
அவள் இடத்தில் நான், முழங்கை வரை ஹேடாக் செதில்.
கூலி உறையில் பதினொரு பென்ஸ் குறைகிறது என்று
மேஸ்திரியை மறித்துச் சண்டை போட்டேன்.
அந்த நாளா அது?
வேறொரு நாளாகவும் இருக்கலாம்.

நவம்பரில் மறுதேர்வு.
கூடைப்பந்து வளையத்தின் கீழ்
பதினேழு வயதுப் பிள்ளைகள் நடுவில் நான்.
மேற்பார்வையாளர் என்று நினைத்து
ஒருவன் என்னிடம் கூடுதல் தாள் கேட்டான்.
ஆறாவது கேள்வி:
ஆரஞ்சுச் சாறு ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு,
இரண்டு லிட்டர் பானத்துக்கு எவ்வளவு சாறு?
நானூறு மில்லி.
பழக்கதோஷம், கீழே கையெழுத்திட்டு
நேரத்தைக் குறித்து
சரிபார்த்தவருக்கு என்று
இன்னொரு கோடும் இழுத்துவிட்டேன்.

வெளியே வந்து கைபேசியை உயிர்ப்பித்தபோது
குழந்தைகள் வார்டிலிருந்து ஒன்பது அழைப்புகள்.
எனக்குப் பதிலாக வந்த பெண்
எல்லாச் சான்றிதழும் உள்ளவள்,
கலவையையும் சரியாகவே செய்திருந்தாள்.
இரண்டாம் கையெழுத்துக்குத்தான் ஆளில்லை.
"பை தயார், குழந்தை தயார்,
நீ எங்கே?" என்றாள் ரொவேனா.
எங்கே என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மழையில் ஓட்டிப் போனேன்.
கதவில் அட்டையை வைத்தேன். பச்சை எரிந்தது.
தேர்வு முடிவு ஜனவரியில் வருமாம்.
அதுவரை திறக்கும்.