ஒன்று புள்ளி எட்டு

ஓக்கியில் இரவு பத்தரை.
தளத்திலிருந்து பயிற்சிப் பொடியள் எழும்புகிறார்கள்.
குசினி ஜன்னல் கண்ணாடிக்கு முதலில் தெரிகிறது,
பிறகுதான் எனக்கு. இடது காதுக்குத் தெரிவதேயில்லை.
ஓய்வூதியத்தில் அதற்கும் ஒரு வீதம் போட்டார்கள்.

மேசையில் பறப்புப் பதிவேடுகள் நான்கு.
பதினேழு வருடம். ஒரு பறப்புக்கு ஒரு வரி:
திகதி, இயந்திரம், பகலா இரவா, எத்தனை மணித்தியாலம்.
'குறிப்பு' என்ற கட்டம் சின்னவிரல் அகலம்.
அதற்குள் எழுதிப் பழகியவளிடம்
முந்நூறு பக்கம் கேட்கிறார்கள்.

மெல்பேர்னிலிருந்து ஃபிலிப்பா எழுதுகிறாள்:
"முதல் அத்தியாயம் பிடித்திருக்கிறது. ஆனால்
அந்தப் பிள்ளை ஏன் விமானியானாள்?
வாசகர் கேட்பார்."

முதல் அத்தியாயத்தில் எனக்கு ஆறு வயது.
அம்மா உலையை அப்படியே விட்டுவிட்டு
"ஹெலி வருகுது, குனியடி" என்கிறாள்.
வாழைகளுக்கு நடுவே பங்கர்.
தலையில் அவள் கை, வாயில் மண்.
அதை எழுத மூன்று நாள்தான் எடுத்தது.

எனக்குச் சிறகு குத்திய அன்று
அம்மா பட்டுச்சேலையில் முன்வரிசையில் இருந்தாள்.
அணியாக மேலே இயந்திரங்கள் போனபோது
எல்லோரும் அண்ணாந்தார்கள்.
அம்மா மட்டும் கதிரைக்குக் கீழே
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.
வீடியோவில் இருக்கிறது.
நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

நகராமல் கிடப்பது பதினோராம் அத்தியாயம்.
திமோர். மலைச்சரிவு. தாழப் பறப்பு.
மரவள்ளிக்குள் ஒரு பெண்
ஒரு சிறுமியின் தலையை அமுக்கிக்கொண்டு படுத்திருந்தாள்.
நாங்கள் கொண்டுபோனது அரிசி.
அரிசி என்று மேலேயிருந்து எப்படிச் சொல்வது?
உயரம் எடுத்தேன்.
"என்ன கண்டாய், தில்லை?" கல்லம் கேட்டான்.
(தில்லையம்பலம் முழுதாய் அவன் வாயில் நுழையாது.)
"ஒன்றுமில்லை" என்றேன்.
பதிவேட்டில் அன்றைக்கு: 1.8. பகல். குறிப்பு வெறுமை.

அந்தரத்தில் நிற்பதுதான் கடினமென்று
புதிதாய் வருபவர்களுக்குச் சொல்வோம்.
கீழிருந்து பார்த்தால் அசைவில்லை.
உள்ளே இரண்டு கையும் இரண்டு காலும்
ஒரு கணம் ஓயாது.
முன்னால் போவதைவிட
நிற்கத்தான் எண்ணெய் கூடக் குடிக்கும்.

ஃபிலிப்பாவுக்கு இன்னும் பதில் போடவில்லை.
மூன்றாவது பதிவேட்டை விரித்து
அந்த வரியைத் தேடி எடுத்தேன்.
வெறும் கட்டத்தில், தமிழில்,
பேனையை ஒடுக்கிப் பிடித்து எழுதினேன்:
குனிந்தார்கள்.

அடங்கியது.

கண்ணாடி மறுபடி அதிர்கிறது.
பொடியள் திரும்பி வருகிறார்கள்,
கொஞ்சம் தாழ்வாக.