எவர்சில்வர்

ஊட்டி கோர்ட்டு எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தது.
இரண்டு பெயரையும் புள்ளி புள்ளியாகக் குத்திய
எவர்சில்வர் தவலை எனக்கு, இன்வெர்ட்டர் மாதனுக்கு.
கார் அப்போது காராக இல்லை:
ஏழு அட்டைப்பெட்டி, ஒரு ஃபைபர் கூடு,
முதல் பக்கம் கிழிந்த ஒரு புத்தகம்.
என்னவென்று எழுதுவது எனத் தெரியாமல் குமாஸ்தா
'இதர பொருட்கள்' என்று போட்டுப் பேனாவை மூடினார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில்
கோத்தகிரியில், உருளைக்கிழங்கு வாசனை போகாத கொட்டகை.
பத்து மணிக்கு நான். பத்தேகாலுக்கு மாதன்.
பதினொன்றுக்கு மேகம்,
கதவைத் தட்டாமல்.

இங்கே இரும்பும் பிஸ்கட்டும் ஒன்று,
பிரித்த அன்றே நமுத்துவிடும்.
பெட்டியோடு வந்த ஸ்க்ரூக்கள்
ஐப்பசி முடிவதற்குள் பழுத்துவிட்டன.
ஒவ்வொன்றின் கீழும் வெற்றிலைச் சாறு வழிந்த தடம்.
துரு, பெயருக்கேற்றபடி துருதுருவென்றிருக்கும்,
நுழைந்த இடத்தில் துருவித் துருவிக் கேட்கும்.
அதற்கு முன் அந்த வக்கீலம்மா ஒன்றுமே இல்லை.

மேட்டுப்பாளையம் இறங்கினேன்.
ஜமால்தீன் கடையில் 'எவர்சில்வர் ஸ்க்ரூ' என்றேன்.
'முந்நூத்தி நாலா, முந்நூத்திப் பதினாறா?'
பஸ் நம்பர் கேட்பதுபோல் கேட்டார்.
கைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன்.
ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது, கன்னியாகுமரி சூரியோதயம்.
முந்நூற்று நாலு லேசாக ஒட்டியது.
அதைவிடப் பளபளப்பாய், பாதி விலையில் இன்னொன்று
ஒட்டாமல் நழுவியது.
ஒட்டாததுதான் அசல் என்று எங்கோ கேட்டிருக்கிறேன்.
அவர் வாதாடவில்லை. இரண்டிலும் நாலைந்து மடித்துக் கொடுத்தார்.
'உப்புத் தண்ணியில போட்டு வைங்க. அதுவே சொல்லும்.'

கார்த்திகை முழுக்கத் தகரக் கூரை மேல்
ஒரு தோசைத் தட்டில் கிடந்தன.
ஒட்டாதது வெள்ளைவெள்ளையாகப் பூத்து உதிர்ந்தது.
லேசாக ஒட்டியது அப்படியே இருந்தது.
மாதன் குனிந்து பார்த்தான்.
'தலையை அடிச்சு மரை உருட்டுறப்ப
கொஞ்சம் காந்தம் ஏறிடும். அதுக்காகக் கெட்டதுன்னு இல்ல.'
ஸ்க்ரூவைத்தான் சொன்னான்.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அலுமினியப் பட்டை,
பட்டைக்குப் பத்தொன்பது துளை.
டேப் ஒட்டிவிட்டுத்தான் துளைக்க வேண்டும்,
இல்லாவிட்டால் ஃபைபரின் மேல்தோல் சில்லுச்சில்லாய்ப் பெயரும்.
துளை கொஞ்சம் நீளவாக்கில் இருக்கட்டும்,
வெயில் வந்தால் பட்டை நீளும்.
'வெயில் வந்தால்' என்று இருவரும் ஒரே சமயத்தில் சொல்லிவிட்டோம்.
நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும்.
கடைசி ஸ்க்ரூ உட்காரும்வரை
எதையும் முழுசாக முடுக்கக் கூடாது.

எவர்சில்வரும் அலுமினியமும் நேராகத் தொடக் கூடாதாம்.
நடுவில் ஈரம் வந்தால் ஒன்று மற்றதைத் தின்னும்,
சத்தமே வராது.
தோற்பது எப்போதும் பட்டைதான்.
ஆகவே ஒவ்வொரு தலைக்கடியிலும் ஒரு நைலான் வாஷர்,
சாந்துப் பொட்டு அளவு,
என் ஸ்வெட்டர் பையில்.
அவன் கை நீட்டுவான். நான் ஒன்று வைப்பேன்.
விரல் படாமல் வைக்கப் பழகியிருந்தேன்.

முப்பத்தேழோடு தீர்ந்துவிட்டது.
பையை வெளியே திருப்பினேன்:
பஸ் டிக்கெட், இருமல் மிட்டாய்க் காகிதம்.
மிச்சம் ஒரே துளை, டிரைவர் பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே.
பால் பாக்கெட்டின் மூலையை வட்டமாக வெட்டிப் பார்த்தான்.
வட்டமாக வரவில்லை. அதில் நீல எழுத்தில் பாதி வேறு.

இந்த வண்டிக்கு நம்பர் கிடைக்காது என்று
ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.
எஸ்டேட் சாலையில் ஓட்டிக்கொள்ளலாம்,
ஒன்றரைக் கிலோமீட்டர், இரண்டு கொண்டை ஊசி.
அங்கே கேட் போட்டிருக்கும்.

'அடுத்த வாரம் ஒரு வாஷர் வாங்கிட்டு வா' என்றான்,
கையை கந்தலில் துடைத்தபடி.
சரி என்றேன்.
ஜமால்தீன் ஒன்றாக விற்கமாட்டார் என்பதைச் சொல்லவில்லை.
பொட்டலத்துக்கு நூறு.