படுக்கைக்கு அடியில் கொஞ்சம் பகல்

ஓடு பதிக்கும் ஒருவனிடம் வாங்கிய டிரெய்லர்.
ஆறடி அகலம், பன்னிரண்டடி நீளம்,
ஜன்னல் கிடையாது.
எத்தனை முறை கழுவினாலும்
தரைப்பலகை இடுக்கில் வெள்ளைச் சாந்துப் பொடி.
"சவப்பெட்டிக்கு இதைவிட நல்ல கதவு வைப்பார்கள்"
என்றார் ஆர்லன்.
நான் சிரிக்கவில்லை.
அளவு நாடாவின் மறுமுனையை அவர் கையில் கொடுத்தேன்.

ஏரிக்கரையில் கடைசியாய்க் கூடாரம் போட்டது
போன வருஷம் ஜூனில்.
அதற்குப் பிறகுதான் முகமூடி வந்தது.
தூக்கத்தில் மூச்சை மறந்துபோகிற மனிதருக்கு
ராத்திரி முழுக்க அதை நினைவூட்டும் இயந்திரம்.
அதன் வால் எப்போதும் சுவரில் செருகியிருக்க வேண்டும்.
சுவர் இல்லாத இடங்களை எல்லாம்
அன்றே வரைபடத்தோடு மடித்து வைத்துவிட்டோம்.

ஜெனரேட்டர் வாங்கலாமே என்றான் கொழுந்தன் டுவெய்ன்.
பத்து மணிக்கு மேல் அது உறுமினால்
முகாம் காவல்காரி டார்ச்சோடு வந்து நிற்பாள்.
ஆர்லன் தூங்கப் போவதே பத்தரைக்கு.

நான் மின்சாரக் கூட்டுறவில்
இருபத்தாறு வருஷம் ரசீது அடித்தவள்.
குளிர்காலம் முடியட்டும் என்று சட்டம் காத்திருக்கும்.
ஏப்ரல் பிறந்ததும் நான் காத்திருந்ததில்லை.
இணைப்பைத் துண்டிக்கும் கடிதங்களை
என் நாக்கால் நனைத்து ஒட்டியிருக்கிறேன்.
அப்படி ஒரு பழைய உறையின் பின்புறத்தில் எழுதினேன்:
முப்பது வாட், எட்டு மணி நேரம்,
இருநூற்று நாற்பது.
ஒரு மனிதரின் இரவு மூச்சு
கால் யூனிட்கூட ஆகாது என்று
இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

கூரை, பிஸ்கட் டப்பா மூடிபோல் அமுங்கும் அலுமினியம்.
அதற்கடியில் எங்கோ எஃகுச் சட்டங்கள்.
ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை,
பல் டாக்டர் கொடுத்த சிரிக்கும் பல்லை,
தகட்டின்மேல் இழுத்துக்கொண்டே போனேன்.
டக்கென்று அது பிடித்த இடமெல்லாம் எலும்பு.
பென்சிலால் புள்ளி வைத்தேன்.
துளை போடும்போதுதான் கை நடுங்கியது.
மழை புகாத ஒன்றை நாமே ஓட்டையாக்கிவிட்டு
அப்புறம் பசையை நம்புவது.
பதினாறு ஓட்டை.
பதினேழாவது, தவறு.
அதையும் பசை ஊற்றி அடைத்தேன்.

சோலார் பலகைகளுக்குப் போர்வை போர்த்தித்தான்
கம்பி பூட்டினோம்.
வெளிச்சம் பட்டாலே விழித்துக்கொள்ளும் ரகம்.
சிவப்பும் கறுப்பும் மாறினால் தீர்ந்தது.
"முதலில் பேட்டரி, பிறகு பலகை"
கையேட்டை மூன்றாம் தடவை படித்தார் ஆர்லன்,
ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கிற குரலில்.
போர்வையை உருவினேன்.
சின்னத் திரையில் ஓர் எண் அசைந்தது.
செப்டம்பர் மேகம்தான், வடக்கு மொன்டானா வானம்தான்.
இருந்தும் நாற்பத்தொன்று. ஐம்பத்து மூன்று.
"உன் பழைய ஆபீசுக்குச் சொல்லிவிடாதே" என்றார்.

உறைபனியில் மின்னேற்றம் பிடிக்காத பேட்டரி.
அவருடைய கம்பளிச் சட்டையைச் சுற்றி
படுக்கைக்கு அடியில் வைத்திருந்தோம்.
முகமூடியை மாட்டிக்கொண்ட பிறகு ஏதோ சொன்னார்.
குழாய்க்குள் போய்விட்டது.
கொயோட்டுகள் அக்கரையில் ஊளையிட்டு ஓய்ந்தன.
அவர் தூங்கினார், நான் மீட்டரைப் பார்த்தேன்.
ஒரு மணிக்குத் தொண்ணூற்று மூன்று.
மூன்று மணிக்கு எண்பத்தெட்டு.
வாழ்நாளெல்லாம் பார்த்த மீட்டர் ஏறுமுகம்.
இது இறங்குகிறது. இறங்க இறங்க அவர் மூச்சு விடுகிறார்.

விடிந்ததும் வார் பதிந்த கன்னத்தோடு எழுந்து
"எவ்வளவு மிச்சம்?" என்றார்.
எழுபத்தொன்பது என்றேன்.
அப்போது கூரையிலிருந்து என் நெற்றியில் ஒரு சொட்டு.
பதினேழாவது ஓட்டை ஒழுகுகிறதா,
இல்லை, ராத்திரி நாங்கள் விட்ட மூச்சுதான்
தகட்டில் குளிர்ந்து விழுகிறதா,
தெரியவில்லை.
காப்பிக் குவளையை அதன் கீழே நகர்த்தி வைத்தேன்.