கூரைக்குக் கீழே ஒரு புள்ளி

ஒதியேர்ன் துறைமுகத்தில்
கல்லில் எழுத்து வெட்டுகிறவன் நான்.
எழுத்துக்கு நாலு யூரோ.
தலைக்கு மேல் வரும் குறிகளுக்குக் காசு வாங்குவதில்லை.
அதனால்தானோ என்னவோ
ஒன்றை மறந்துவிட்டேன்.

மீன் ஏலக்கூடத்தில் கணக்கெழுதும் ஒதீல் கெர்வெல்லா
ஐஸ் பெட்டி ரசீதின் பின்பக்கம் எழுதித் தந்த வரி:
"அவன் திரும்பி வரவேண்டுமெனக் காத்திருந்தோம்."
கணவன் பெயர் குல்வென். நண்டுப் படகு. பிப்ரவரி மாதம்.
படகு கிடைத்தது.
இடது கால் பூட்ஸ் கிடைத்தது.
அவ்வளவுதான் கிடைத்தது.

வியாழக்கிழமை வந்தாள்.
விரலை எச்சில் தொட்டு
எழுத்துகளின் பள்ளத்தில் ஓட்டிக்கொண்டே போய்
கடைசி வினைச்சொல்லில் நின்றாள்.
"தொப்பி எங்கே?"

தொப்பி இருந்தால், வந்திருக்கக் கூடாதா.
தொப்பி இல்லாவிட்டால், வந்தான்.
வந்தே விட்டான்,
வாசலில் பூட்ஸைக் கழற்றுகிறான், இரண்டையும்.
காதுக்கு இரண்டும் ஒரே சொல்.
கல்லுக்குத்தான் தெரியும் வித்தியாசம்.

அலமாரியிலிருந்து வினைத்திரிபுப் புத்தகத்தை எடுத்து
தூசியை ஊதினேன், அவளிடம் தோற்கும் முன்
ஒருமுறை பார்த்துவிடலாமென்று.
முதலில் முடிந்துபோன காலத்துக்குப் போக வேண்டும்,
கதை சொல்கிறவர்களின் இறந்தகாலத்துக்கு.
அங்கே "நீ வந்தாய்" நிற்கும்.
அதைப் பிடித்து, வாலில் ஒரு சீறலை ஒட்டினால்
நடக்காமல் போனதைச் சொல்லும் வடிவம் வந்துவிடும்.
நான், நீ, நாம், நீங்கள், அவர்கள்,
எல்லாருக்கும் உண்டு அந்த ஸகரச் சீறல்.
(பள்ளியில் "நாம் நேசித்திருக்க" என்பதை
வகுப்பே சேர்ந்து சொன்னால்
நாற்பது பேர் ஒரே நேரத்தில் தும்மியது போலிருக்கும்.)
அவனுக்கு மட்டும் கிடையாது.
அவன் இடத்தில் ஸகரம் என்றோ விழுந்துவிட்டது,
எந்த நூற்றாண்டின் நீரிலோ.
மெய் போன இடத்தில்
மிச்சமிருந்த உயிரின் தலைமேல்
ஒரு கூரை வைத்தார்கள்.

புத்தகத்தை மூடினேன்.
"இப்படியே விட்டுவிடலாமே," என்றேன்,
"கல்லாவது சொல்லட்டும், வந்துவிட்டானென்று."
சோம்பேறித்தனத்துக்குக்
கருணை என்று பெயர் வைத்துப் பார்த்தேன்.

"வந்திருந்தால்
இந்தக் கல்லுக்கு நான் ஏன் காசு கொடுக்கிறேன்?"

பிறகு, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே:
"இப்போது யாரும் இப்படிப் பேசுவதில்லை, தெரியும்.
ஏலக்கூடத்தில் நானும் 'வரட்டும்' என்றுதான் சொல்வேன்.
அந்த 'வரட்டும்'மில் கதவு இன்னும் திறந்திருக்கிறது.
இரண்டு வருஷமாகக் குளிர் அடிக்கிறது."

உளியை எடுத்தேன்.
எடுத்த பிறகுதான் உறைத்தது:
இகரத்தின் மேல் புள்ளியை ஏற்கெனவே வெட்டியிருக்கிறேன்.
தாளில் என்றால் தொப்பி வரும்போது புள்ளி போய்விடும்.
சாம்பல் கிரானைட்டில் எதுவும் போகாது.
வெட்டினால் ஆழமாகும், அவ்வளவே.

இடமிருந்து ஒரு சாய்வு. வலமிருந்து ஒரு சாய்வு.
உச்சியில் இரண்டும் முட்டின இடத்தில்
ஒரு பொடித் துண்டு தெறித்து அவள் கைப்பையில் விழுந்தது.
எடுத்துத் தரட்டுமா என்று நான் கேட்கவில்லை,
அவள் தேடவுமில்லை.

கூரைக்குக் கீழே புள்ளி அப்படியே இருந்தது.
எந்த இலக்கணத்திலும் இல்லாத எழுத்து.
வாத்தியார் யாராவது கல்லறைப் பக்கம் வந்தால்
நின்று தலையை ஆட்டுவார்.
வெளியே தூறல் பிடித்திருந்தது.
அவள் குனிந்து, மூக்கு கல்லில் படுகிற அளவு குனிந்து பார்த்து,
"நனையாமல் நிற்கிறான்," என்றாள்.

பணத்தை எண்ணி வைத்தாள்.
நாலு யூரோ கூடுதலாக இருந்தது.
தொப்பிக்குக் காசில்லை என்று தள்ளினேன்.
"தொப்பிக்கில்லை," என்றாள்.
"விழுந்த எழுத்துக்கு."

வாங்கிக்கொண்டேன்.