எதிர்க்குழியில் தண்ணீர்

எல் ஆல்தோவில் எண்பத்தாறு
நோய் அல்ல.
கடலோரத்து ஆலையில் செய்த கருவி
ஆரோக்கியமான விரலைக் கவ்வியும் அலறுகிறது.
நாலாயிரம் மீட்டர் உயரத்துக் காற்று
இப்படித்தான் மெலிந்திருக்கும் என்று
அதற்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

ஆகவே ரத்தத்தைக் கேட்கிறோம்.

இரவு இரண்டு மணி. ஹீட்டர் பழுது.
கையுறைக்குள் கையுறை போட்டிருக்கிறேன்.
ஊதா மூடி, மஞ்சள் மூடி, நீல மூடி:
எலேயுதெரியோ ச்சோக்கே, ஐம்பத்திரண்டு,
மினிபஸ் ஓட்டுநர்.
நடந்தே வந்தாராம்.
ஊசி இறங்கும்போதும் டீசல் விலையைத்தான்
திட்டிக்கொண்டிருந்தாராம்.

குழாய்க்கு அந்த மனிதரின் சிரிப்பு தெரியாது.
முந்நூறோடு நிற்க வேண்டிய ஃபெரிட்டின்
இரண்டாயிரத்து நூறு.
லிம்போசைட்டுகள்,
தடியடிக்குப் பிந்தைய தெருவில் போல,
அங்கொன்று இங்கொன்று.
டி-டைமர் ஏறியிருக்கிறது.
உள்ளே எங்கோ இருட்டில்
உறைநூல் பின்னப்படுகிறது, அறுபடுகிறது,
மறுபடி பின்னப்படுகிறது.

இன்னொரு ரத்தம் பொலோனியாவுடையது.
முப்பத்தொன்பது வயது, சந்தையில் உருளைக்கிழங்கு விற்பவள்.
அவள் இருமல்
இரண்டு கதவுகளைத் தாண்டி
என் மேஜை வரைக்கும் கேட்கிறது.
எண்களோ சமர்த்தாகக்
கட்டங்களுக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

ஆக்சிஜன் உள்ள படுக்கை ஒன்றுதான்.

ஓட்டுநரின் சீரத்தை மறுபடி ஓட்டினேன்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு.
இயந்திரத்தின் மேல் இருந்த சந்தேகம் போய்
என் மேல் வந்து நின்றது.

டாக்டர் இர்மாவை அழைத்தேன்.
"பார்த்தால் அந்த ஆளுக்கு ஒன்றுமே இல்லையே" என்றாள்.
"பார்க்காதே" என்றேன்,
என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவளிடம்.

ஓட்டுநரைப் படுக்க வைத்தார்கள்.
வண்டியை யார் எடுப்பது என்று சண்டை போட்டாராம்.
நான்கு மணிக்கு உதடு நீலம் பாரித்தபோது
முகமூடி ஏற்கெனவே முகத்தில் இருந்தது.
"உன் எண் சரி" என்று
செய்தி அனுப்பினாள் இர்மா.

சரி.
நூறு பேரை வரிசையில் நிறுத்தினால்
எண் பெரும்பாலும் சரிதான்.
பொலோனியா வரிசையில் நிற்கவில்லை.
தாழ்வாரப் பெஞ்சில், கம்பளிக்குள்
சுவரைப் பார்த்துச் சுருண்டிருக்கிறாள்.
அமைதியான அந்த எண்களுக்கு
இப்போது நான்கு மணி நேர வயது.

ஆறு மணிக்கு மறுபடி ரத்தம் கேட்டேன்.
இருமல் சத்தம் நின்று கொஞ்ச நேரமாகிறது.
தூங்கியிருக்கலாம்.

சென்ட்ரிஃப்யூஜைத் திறந்து
எடை சமன் செய்ய
எதிர்க்குழியில் தண்ணீர்க் குழாய் ஒன்றைச் செருகிவிட்டு
இந்தப் பக்கத்துக் குழியையே
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.