செருப்பு கிடக்கும் இடம்

சபைக் கூட்டத்தில் கைதூக்கச் சொன்னார்கள்.
பெட்ரோமாக்ஸ் இரைந்துகொண்டிருந்தது.
பஞ்சாலைக் கிருபாவதியை
ஆறு மாதம் திருவிருந்திலிருந்து விலக்க
நாற்பத்தொரு கை.
கடைசியாக எழுந்தது என் கை,
ஐயரம்மாவின் கை.
நகக்கண்ணில் மறுநாள் அப்பத்துக்குப் பிசைந்த
கோதுமை மாவு காய்ந்திருந்தது.

"ஆள் யாரு, சொல்லிரு தாயி"
என்றார் மூப்பர் ஈசாக்கு.
மூன்று தரம் கேட்டார்.
மூன்று தரமும் அவள்
உத்திரத்தில் ஓடிய பல்லியைப் பார்த்தாள்.
முடியில் மில்லின் பஞ்சு
தட்டாமல் வந்திருந்தாள்.
சேவல் ஏதும் கூவுமோ என்று
எனக்குக் காது அடைத்தது.
ராத்திரி எட்டு மணிக்கு
திருமங்கலத்தில் எந்தச் சேவல் கூவும்?
மதுரை போகும் கடைசி பஸ்தான்
ஒலியெழுப்பிப் போனது.

என் புருஷர் அன்று தலைமை வகித்தார்.
கண்ணை மூடி முடிவுஜெபம் செய்தார்.
கடன்களை மன்னியும் என்கிற இடத்தில்
இருமல் வந்தது.
அதற்குப் பிறகு ஞாயிறுதோறும்
அதே இடத்தில் இருமல் வந்தது.
மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

பரிசுத்தத்தைப் பற்றி அவர்
அந்த வருஷம்போல் பிரசங்கித்ததே இல்லை.
கப்பலூரிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள்,
அழுதார்கள், முந்தானையில் மூக்கைச் சிந்தினார்கள்,
காணிக்கைப் பையில் ரூபாய்த் தாள்கூட விழுந்தது.
கிருபாவதி வாசலோரம்,
செருப்புகள் கிடக்கும் இடத்தில்,
வயிற்றின்மேல் வேதாகமத்தை வைத்து
உட்கார்ந்திருந்தாள்.
விலக்கு முடிந்த பிறகும் அங்கேயேதான்.
உள்ளே வா என்று
யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

பிள்ளைக்குத் தபீத்தாள் என்று பேர் வைத்தாள்.
ஞானஸ்நானப் பதிவேட்டை
அவர்தான் எழுதினார்.
தாய் பெயர், ஊர், தேதி எல்லாம்
அச்சடித்ததுபோல் இருக்கும்.
தகப்பன் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனா நின்ற இடத்திலேயே நின்று
மை ஊறி
மொச்சைக்கொட்டை அளவு பரவியது.
துடைக்கப் போனவரின்
அங்கிக் கைமடிப்பிலும் ஒட்டியது.

எலுமிச்சம்பழம் தேய்த்தேன்.
உப்பு போட்டேன்.
மூன்று நாள் சித்திரை வெயிலில் காயவைத்தேன்.
கரிசக்காட்டு வெயிலுக்கு வெளுக்காத நீலம்
இருக்குமா?
இருந்தது.
கஞ்சி போட்டு, பெட்டி தேய்த்து,
மடிப்பை உள்பக்கமாய்த் திருப்பித் தைத்தேன்.
ஆசீர்வாதம் கூற அவர் கை உயர்த்தும்போது
சபை தலைகுனிந்திருக்கும்.
நான் மட்டும்
அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்,
பிரிகிறதா என்று.

தபீத்தாள் தவழ்ந்தாள், பிறகு நடந்தாள்.
செருப்புகளோடே வளர்ந்த பிள்ளை.
ஆராதனை முடிவதற்குள்
எல்லா ஜோடியையும் கலைத்துப் போடுவாள்.
மூப்பரின் இடதுகால் செருப்பு
நாடான்கடை அம்மாளின் வலதோடு சேர்ந்து கிடக்கும்.
சபையே குனிந்து தேடும்.
கிருபாவதி ஒருநாளும் பிள்ளையை அதட்டியதில்லை.

ஒரு ஞாயிறு,
அவருடைய தோல்செருப்பில் இரண்டு காலையும் விட்டு
படியில் தடக் தடக்கென்று நடந்து காட்டினாள்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அவர் வெறுங்காலோடு
சுடுகல்லில் நின்றார்.
காலை மாற்றி வைக்கக்கூட இல்லை.
அப்போதுதான் கிருபாவதி
என்னை நேராகப் பார்த்தாள்.
இரண்டு வருஷத்தில் முதல்தடவை.

நான் குனிந்தேன்.
பிள்ளையைத் தூக்கவா, செருப்பை வாங்கவா,
குனியும்வரை எனக்கே தெரியாது.
செருப்பை வாங்கினேன்.

அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்:
"அந்தப் புள்ள கால்சூடு
செருப்புல இருந்துச்சு."
ரசத்தை ஊற்றிவிட்டு நான் சொன்னேன்:
"வெயில்ல கெடந்த செருப்பு.
சுடத்தானே செய்யும்."