இரண்டு வண்டிகளின் மதிப்பீடு

வீட்டை விற்றுப் பிரிக்கலாம், நகையை நிறுத்துப் பிரிக்கலாம்,
வண்டிகளுக்கு மட்டும் ஒரு ஆளைப் பாருங்கள்
என்று அஸ்தம்பட்டி வக்கீல் சொன்னாராம்.
அந்த ஆள் நான்.
முப்பது வருஷமாய் நசுங்கிய பம்பருக்கு விலை போடுகிறவன்.

ஏற்காடு அடிவாரத்தில் காலை ஏழுக்கு வந்திருந்தார்கள்.
தீர்த்தகிரி முன்னால், அம்பாசிடரில்.
மணிமொழி பின்னால், பத்மினியில்,
கயிறு கட்டி இழுபட்டு.
பழுதா என்றேன். இல்லை என்றார்கள்.
உங்களுக்கு எது வேண்டும் என்றேன்.
எது நல்லதோ அது
என்றார்கள், ஒரே நேரத்தில்,
உடனே வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

அம்பாசிடர், எழுபத்துநாலாம் வருஷம்.
ஆயிரத்து நானூற்று எண்பத்தொன்பது சி.சி.
ஐம்பது குதிரை, காகிதத்தில்.
மலைக்கு அது தெரியாது.
அறுபதடிப் பாலம் வரை இரண்டாம் கியர்.
முனகவில்லை, அவசரப்படவும் இல்லை.
ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் இரண்டு தோளையும் கேட்டது.
காப்பி மூட்டை லாரிக்கு ஒதுங்கியபோது
பிரேக் பெடல் கடைசி அங்குலத்தில்தான் பேசியது.
ஒண்டிக்கடை: நாற்பத்தொரு நிமிஷம்.

இறங்கி வந்து, பத்மினி சாவி என்றேன்.
பொறுங்கள் என்றார் தீர்த்தகிரி.
மணிமொழி கையில் அதற்குள் பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ்.
அவர் கழற்றி முடித்த நொடியில் இவர் தூக்கினார்.
இவர் இறக்கிய இடத்தில் அவர் வயரை நீட்டினார்.
ஒரு வார்த்தை இல்லை.
ஒரு விரல்கூட இன்னொரு விரலில் இடறவில்லை.
எத்தனை வருஷமாய் என்று கேட்டேன்.
புதுசு வாங்கணும்னுதான் இருந்தோம், என்றார் மணிமொழி.

பத்மினி, எண்பத்துநாலு.
ஆயிரத்து எண்பத்தொன்பது சி.சி., நாற்பத்திரண்டு குதிரை,
எடை எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோ.
கணக்குப் போட்டேன்:
குதிரை ஒன்று சுமப்பது இருபத்தொரு கிலோ சொச்சம்,
அம்பாசிடரில் இருபத்துமூன்று.
அந்த இரண்டு கிலோவை வளைவில் உணர முடிந்தது.
சொன்ன பக்கம் திரும்பியது. சொல்லாத பக்கமும் கொஞ்சம்.
பதிமூன்றாம் வளைவில் முள் சிவப்புக்குப் போய்விட்டது.
பானெட்டைத் திறந்து வைத்து, சில்வர் ஓக் நிழலில்
பன்னிரண்டு நிமிஷம் நின்றேன்.
குரங்கு ஒன்று பக்கக் கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்தது.
மொத்தம் நாற்பத்தாறு நிமிஷம்.
கொதித்ததைக் கழித்தால் முப்பத்துநாலு.
கழிப்பதா கூடாதா என்று
எந்தக் கையேட்டிலும் இல்லை.

டீக்கடை பெஞ்சில் அறிக்கை எழுதினேன்.
இடப்பக்கம் ஒன்று எழுபது, வலப்பக்கம் ஒன்று அறுபத்தைந்து.
டயர், பெயிண்ட், துரு, ஜாக்கி, ஸ்டெப்னி,
எல்லாம் அதனதன் பக்கத்தில் விழுந்தன.
பேட்டரி: ஒன்று.
பேனா நடுக்கோட்டின் மேலேயே நின்றது.
அங்கேயே எழுதிவிட்டேன்.

இருட்டத் தொடங்கியது.
பத்மினியால் அம்பாசிடரை இழுக்க முடியாது.
ஆகவே மறுபடி ஸ்பேனர், மறுபடி தூக்கல்,
இந்த முறை என் போன் வெளிச்சத்தில்.
மறுபடி கயிறு.

இழுபடும் வண்டி சும்மா வருகிறது என்று நினைப்பார்கள்.
கயிறு தொய்யாமல் பிரேக்கை அளந்து மிதிப்பது
பின்னால் இருப்பவர் வேலை.
கோரிமேடு வரை என் ஸ்கூட்டரில் அவர்கள் பின்னாலேயே போனேன்.
பேட்டரி இல்லாத வண்டிக்குச் சிவப்பு விளக்கு எரியாது;
மணிமொழி எப்போது மிதித்தார், எப்போது விட்டார்
எனக்குத் தெரியவில்லை.
கயிறு மட்டும் நேராகவே போனது.